நடக்க மனம் வராதது பரம்பரையா?

கேள்வி: எனக்கு வயது 43. கந்தோர் வேலை. சலரோகம் தொடங்கியிருக்கிறது. நடக்கச் சொல்கிறார்கள்; இரண்டு கிழமைக்கு மேல் முடிவதில்லை. அப்பாவும் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாதவர். இது பரம்பரைதானே?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பரம்பரைக்குப் பங்கு உண்டு. நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. 2006இல் வெளிவந்த ஆய்வொன்று ஏழு நாடுகளின் 37,051 சோடி இரட்டையரை எடுத்துப் பார்த்தது. ஒருவர் உடற்பயிற்சி செய்கிறார், இன்னொருவர் செய்வதில்லை என்ற வேறுபாட்டுக்கு, பெரும்பாலும் பாதியளவோ அதற்கு மேலோ மரபணுக்களே காரணம் என்று தெரிந்தது. ஏழும் வசதியான நாடுகள்; நமக்கு அப்படியே பொருந்தாமலும் போகலாம்.

அங்கே அளந்தது ஆள் தானாக விரும்பிச் செய்யும் பயிற்சியை. அன்றாட அசைவு வேறு சங்கதி. பிரித்தானியாவில் 91,000க்கு மேற்பட்டோரின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், மரபணு வேறுபாடுகளால் விளக்க முடிந்தது ஒரு சிறு பங்குதான். முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேரே ஒப்பிடக்கூடாது. ஆனாலும் முன்பு உங்கள் படுவான்கரையில் வயலுக்கு நடந்தவரிடமும், வாவியில் வீச்சுவலை எறிந்தவரிடமும் விருப்பமா என்று யார் கேட்டது? சோம்பல் பிறவியிலேயே இருந்தவரும் நடந்தார். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தது நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஓடும் மோட்டார் சைக்கிள்தான் கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

ஆகவே விடியற்காலை எழும்பி நடப்பேன் என்று சபதம் எடுக்காதீர்கள். அதற்கு விருப்பம் வேண்டும். உங்களிடம் இல்லாதது அதுதான். எப்படியும் நடக்கிற காரியத்தோடு நடையைக் கட்டிவிடுங்கள். மூன்று நேரச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தால், கிழமைக்கு ஐந்து நாளில் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு அதுவே. சாப்பிட்டவுடன் ஏறும் சீனியையும் அது இறக்கும். மத்தியான வெயிலில் வெளியே போகவேண்டாம், கந்தோர் விறாந்தையே போதும். பஸ்ஸில் போனால் ஒரு தரிப்பு முன்னமே இறங்குங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். 9 முதல் 12 வயது வரையான இரட்டையரைக் கருவி கொண்டு அளந்த லண்டன் ஆய்வில், அவர்களின் அசைவைத் தீர்மானித்ததில் மரபணுவை விட வீட்டுச் சூழலே முந்தியது. அப்பா உங்களுக்குத் தந்ததில் கதிரைப் பழக்கமும் சேர்ந்திருக்கலாம்.

உடம்பு தேறும் வேகமும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதற்கும் பரம்பரை காரணமாகலாம். பக்கத்து வீட்டுக்காரர் மெலிந்தாரே என்று பார்த்து விட்டுவிடாதீர்கள். கல்லடிக் கடற்கரைக்குப் போனால் மணலில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். சலரோகக்காரருக்குக் கால் மரத்திருந்தால் சூடும் கீறலும் தெரியாது. வீட்டுக்கு வந்து உள்ளங்காலைப் பாருங்கள். இன்சுலின் போடுபவரானால் நடை தொடங்கும் முன் கிளினிக்கில் கேளுங்கள். நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.