எஞ்சினை இறக்கும் முன்

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம், மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா அறிமுகமானது. மிட்சுபிசி நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் ஷா ஆலாமில் உருவான அவ்வகை வண்டிகள் சில இன்றும் நம் குடியிருப்புகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1994இல் வந்த பெரோடுவா கன்சிலும் அப்படித்தான். இவற்றுள் 300,000 கிலோமீட்டரைக் கடந்தவையும் உண்டு. அது பூமியை ஏழு முறைக்கு மேல் சுற்றி வந்ததற்குச் சமம்.

இத்தகைய வண்டி புகை கக்கினாலோ, மேடேறத் திணறினாலோ, “எஞ்சினை இறக்க வேண்டும்” என்ற பேச்சு எழுகிறது. கேட்பவருக்கு வயிற்றில் புளி கரையும். எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவு, சில வேளைகளில் வண்டியின் விலையையே மிஞ்சிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் வேலைக்கும் போவது அந்த ஒரே வண்டியில் என்றால், பழையதைப் பழுதுபார்ப்பதா, கடன் வாங்கிப் புதியது வாங்குவதா என்பது குடும்பத்தையே உலுக்கும் கேள்வி.

முதலில் புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மீறிச் செல்வதைக் காட்டும். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் அப்படி வரலாம். குளிர்நீர் குறைந்துகொண்டே போக, வெண்புகை ஓயாமல் வந்தால், எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள கேஸ்கெட் பழுதடைந்திருக்கலாம். நீலப்புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். ஆனால், காலையில் முடுக்கும்போது மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வுகளைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் உறைகளே தேய்ந்திருக்கும். அவற்றை மாற்ற எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

அடுத்தது அழுத்தச் சோதனை. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுவார்கள். எல்லாச் சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதனுள் சிறிதளவு எஞ்சின் எண்ணெயை ஊற்றி மீண்டும் அளப்பார்கள். இப்போது அழுத்தம் உயர்ந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்று பொருள். எண்ணெய் அந்த இடைவெளியைச் சற்று நேரம் அடைத்துவிடுகிறது. உயராவிட்டால், வால்விலோ கேஸ்கெட்டிலோ பழுது இருக்கும். அதற்குத் தலைப்பகுதியை மட்டும் கழற்றினால் போதும். அதிக நேரம் பிடிக்காத இச்சோதனையைச் செய்யாமல் எஞ்சினை வெளியே எடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

சரி, இறக்கியே ஆக வேண்டும் என்றால்? மின்கலத்தின் இணைப்பை நீக்கி, குளிர்நீரையும் எண்ணெயையும் வடித்து, ஒவ்வொரு கம்பியிலும் அடையாளச் சீட்டு ஒட்டுவார் கைதேர்ந்த மெக்கானிக். அதன் பிறகே சங்கிலிக் கப்பி வரும். எஞ்சின் வெளியே இருக்கும்போது செய்யத் தவறும் சிறு வேலைகளே பின்னர் வண்டியின் ஆயுளைக் குறைக்கின்றன. எஞ்சினின் பின்புறம், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதன் விலை சொற்பம். ஆனால், பின்னொரு நாள் அது கசிந்தால் மறுபடியும் பெரிய வேலைதான். கிளட்ச் தட்டு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள், இறுகிப்போன நீர்க் குழாய்கள் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

சிலர் பழைய எஞ்சினைச் சீர்செய்யாமல், ஜப்பானிலிருந்து வரும் பயன்படுத்தப்பட்ட எஞ்சினை வாங்கிப் பொருத்துகிறார்கள். விலை குறைவாக இருக்கலாம். ஆனால், அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எண்ணெய் ஒழுங்காக மாற்றப்பட்டதா என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, அதைப் பொருத்துவதற்கு முன்பே டைமிங் பெல்ட்டையும் நீரேற்றியையும் புதிதாக மாற்ற வேண்டும். அந்தப் பெல்ட் ஓடும்போது அறுந்தால், சில வகை எஞ்சின்களில் பிஸ்டன்கள் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். மேலும், மாற்றிய எஞ்சினின் எண்ணைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்வதும் கட்டாயம். எனவே, விற்பவரிடமிருந்து அந்த எஞ்சினுக்குரிய ஆவணங்களைப் பெற்ற பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.