ஃபீஸும் கட்டி, பிரஷும் கழுவணுமா?

கேள்வி: அமெரிக்காவில் என் மகள், பேரனைச் சர்ச் கட்டடத்தில் நடக்கும் பாலர் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். ஃபீஸையும் வாங்கிக்கொண்டு, மாதம் இரண்டு நாள் வகுப்புக்கு வந்து வேலையும் செய் என்கிறார்களாம். இது என்ன நியாயம்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நியாயம்தான் அம்மா. அது 'கோ-ஆப்' பள்ளியாக இருக்கும். பெற்றோரே கூடி நடத்துவது. 1916-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் தொடங்கிவைத்த வழக்கம். சம்பளம் ஆசிரியைக்கு மட்டும். உதவிக்கு நிற்பது பெற்றோர். முறை வரும் நாளில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொண்டுபோகணும், பெயின்ட் பிரஷ் கழுவணும், பொம்மைக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு வாண்டுகளைப் பிரித்து உட்காரவைக்கணும். ஆள் சம்பளம் மிச்சமாவதால் ஃபீஸும் பொதுவாகக் குறைவு. நீங்கள் ஆசையாகக் கட்டி அனுப்பும் கடலை உருண்டை மட்டும் வேண்டாம்; வேர்க்கடலை ஒவ்வாமைக்குப் பயந்து பல பள்ளிகளில் அதற்குத் தடை.

இன்னொன்று. சர்ச்சின் ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையை வார நாளில் வாடகைக்கு எடுத்திருக்கும் பள்ளியென்றால் மதபோதனை அநேகமாக இருக்காது. சபையே நடத்துவதென்றால் ஜெபம், பைபிள் கதை உண்டு. எதுவென்று மகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளில் ஒரு நாள் மாப்பிள்ளை போகட்டும்!