வடகிழக்குப் பருவமழையும் டெல்டா நெற்சாகுபடியின் நாட்கணக்கும்

பயிர்த்தொழிலில் நஷ்டம் ஏற்படும்போது மழையின் மீது குறை கூறுவது வழக்கம். மழை மனிதர் வசப்பட்டதன்று என்பது வாஸ்தவமே. ஆயினும் மழை வரும் காலத்தை உத்தேசமாக அறிந்து, விதைக்கும் நாளையும் நெல்லின் வயதையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்வது விவசாயியின் கையில் உள்ளது. காவிரி டெல்டாவில் இக்கணக்குத் தவறுவதாலேயே விளைந்த கதிரும் வீட்டுக்கு வராமற் போகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. ஆகையால் அக்காலத்தில் டெல்டாவுக்குப் பயன்படுவது உள்ளூர் மழையைவிடக் காவிரியின் நீரேயாகும். புரட்டாசி கழிந்தபின் வடக்கே நிலப்பரப்பு குளிர்ந்து, காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கையில் ஈரத்தை ஏற்றுக்கொண்டு கரையோரத்தில் பொழிகிறது. இம்மழை சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். தமிழ்நாட்டில் இம்மூன்று மாதங்களின் சராசரி மழை சுமார் 44 சென்டிமீட்டர். அதாவது ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி.

சராசரி என்பது ஒவ்வோர் ஆண்டும் பெய்யும் அளவு அன்று. 2015-ஆம் ஆண்டில் இப்பருவ மழை சராசரிக்கு மேல் 53 சதவீதம் மிகுந்து பெருவெள்ளம் உண்டாயிற்று. மறு ஆண்டாகிய 2016-இல் 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையென அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. அடுத்தடுத்த இரு வருஷங்களுக்குள் இவ்வளவு வேற்றுமை நேரக்கூடுமாதலால், ஒரே ஏற்பாட்டை எல்லா ஆண்டுக்கும் பின்பற்றுவது சிலாக்கியமன்று.

மேட்டூர் அணை பாசனத்திற்காக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவது வழக்கமான ஏற்பாடு. நீர் இருப்புக் குறைவால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் ஜூன் 12-இல் அணை திறக்கப்படவில்லை. இத்தாமதத்தின் பலனை நாட்கணக்கால் அறியலாம்.

110 நாள் வயதுள்ள குறுவை நெல்லை ஜூன் 12-இல் நாற்று விட்டால் செப்டம்பர் 30-இல் அறுவடையாகும். மழைக்கு முன்பே நெல் காய்ந்து களஞ்சியம் சேரும். அதே நெல்லை ஜூலை 10-இல் விட்டால் அறுவடை அக்டோபர் 28-இல் வரும். அப்பொழுது ஐப்பசி அடைமழையில் பயிர் சாயும். குறுவை வகைகளில் பலவற்றின் மணிகளுக்கு உறக்கக் காலம் குறைவாதலால், ஈரத்தில் கிடக்கும் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். எனவே தண்ணீர் தாமதமாகும் ஆண்டில், ஆழ்துளைக் கிணற்று வசதியில்லாதவர் குறுவையை விடுத்துச் சம்பாவுக்கு நிலத்தைத் தயார் செய்வதே நஷ்டத்தைக் குறைக்கும் வழி.

சம்பாவிலும் இக்கணக்கு உண்டு. 155 நாள் வகையை ஆகஸ்டு 15-இல் நாற்று விட்டால் ஜனவரி 17-இல் அறுவடையாகும். செப்டம்பர் 15-இல் விட்டால் அறுவடை பிப்ரவரி 17-க்குத் தள்ளிப்போகும். அறுவடைக்குச் சுமார் பத்து நாள் முன்புவரை வயலில் ஈரம் வேண்டும். அணையோ ஜனவரி 28-இல் மூடப்படும். பால் பிடித்த கதிர் முற்றாமல் கடைமடை வயல்களில் பதர் மிகும். அதே செப்டம்பர் 15-இல் 130 நாள் வகையை விட்டால் ஜனவரி 23-இல் அறுவடையாகி இவ்விடர் நீங்கும். ஆகவே நாள் தாழ்ந்தால் வயதைக் குறைக்க வேண்டும் என்பதே விதி.

மழை தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியங்களும் உள. புரட்டாசிக்குள் வடிகால்களைத் தூர் எடுத்து, வரப்புகளைப் பலப்படுத்த வேண்டும். ஒருவர் தம் வடிகாலை அடைத்தால் மேலேயுள்ள பத்துப் பேர் வயல் மூழ்குமாதலால், இது ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை. பெருமழை எதிர்பார்க்கப்படும் நாளில் மேலுரம் இட்டால் அது நீரோடு போய்விடும். மழை விட்டு, நீர் வடிந்தபின் இடுவதே பிரயோஜனமாகும்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் பெரிதும் துணைபுரியலாம். ஊரில் ஒரு மழைமானி இருக்குமாயின், தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருதல் எளிது. ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர் நீர். இதை அறிந்தவர் வாய்க்கால் நீரை வீணே பாய்ச்சார். அடங்கலில் கண்ட சாகுபடி விவரத்தோடு நாற்று விட்ட தேதி, மழையளவு, கண்டுமுதல் ஆகியவற்றையும் பத்து ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தால், அவ்வூருக்கு உகந்த விதைப்பு நாள் தானே விளங்கும்.

வானத்தின் போக்கை மாற்ற இயலாது. நாற்றங்காலில் விதை தெளிக்குமுன் அறுவடை நாளை எண்ணிப் பார்க்கும் விவசாயிக்கோ, மழையால் வரும் நஷ்டத்தில் ஒரு பகுதியேனும் குறையும்.