கூலியோடு ஒரு வேலை: மீன்சுருட்டி வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மீன்சுருட்டியில் மளிகைக் கடை நடத்துவதாகவும், பக்கத்துத் தெருவில் ஆட்டிசம் உள்ள 23 வயது இளைஞர் ஒருவர் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். அம்மாவோடு சாமான் வாங்க வரும்போதெல்லாம், இடம் மாறிக் கிடக்கும் பிஸ்கட் பாக்கெட்டுகளை யாரும் சொல்லாமலே வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போகிறார். “இவரைக் கடையில் வைத்துக்கொண்டால் புண்ணியமாக இருக்குமா, தொல்லையாக முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. புண்ணியக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். உங்கள் கடையில் செய்ய வேலை கிடக்கிறது. அதை அவரால் செய்ய முடியும் என்று நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அந்த வேலைக்கு உரிய சம்பளத்தைக் கொடுத்துச் சேருங்கள். தருமத்துக்கு என்று சேர்த்தால், வியாபாரம் மந்தமாகும் முதல் மாதத்திலேயே அவரை வீட்டுக்கு அனுப்பத் தோன்றும். வேலைக்கு என்று சேர்த்தால் அப்படித் தோன்றாது.

இப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களுக்குப் புதியவர்கள் அல்ல. யாரோடும் அதிகம் பேசாதவர், சொன்னதையே திரும்பச் சொல்பவர், ஒரு வேலையைப் பிடித்தால் விடாமல் செய்பவர் என்று எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். ஆட்டிசம் என்ற பெயர்தான் அன்று தெரியாது. ஆடு ஓட்டவும், களத்தில் நெல் தூற்றவும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் அவர்கள் போனார்கள். அறுவடை இயந்திரம் வந்தது, களத்து வேலை போயிற்று. அவர்களுக்கு இருந்த இடமும் அதோடு போயிற்று. ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்து நான் ஏங்கவில்லை. அவர்களுக்குச் சோறு போட்டார்கள், கூலி கொடுக்கவில்லை. கூலி வாங்காதவருக்குக் குடும்பத்திலும் ஊரிலும் பேச்சு இல்லை. அவருடைய கல்யாணம், பங்கு, மருந்துச் செலவு என்று எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானித்தார்கள்.

இன்றைய சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பதினெட்டைத் தாண்டிய மறுநாள் அந்தப் பிள்ளை காலையில் எங்கே போவது? பெற்றோர் இரவெல்லாம் யோசிப்பது இதைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் வேலை செய்பவர்கள் 100-க்கு 36 பேர்தான். ஆட்டிசம் உள்ளவர்களை அந்தக் கணக்கெடுப்பு தனிப் பிரிவாக எண்ணவே இல்லை.

சட்டத்திலும் அவர்களுக்குத் தாமதமாகத்தான் இடம் கிடைத்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன; ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் சேர்ந்தன. கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் இன்னும் இல்லை. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ள எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம்.

ஒதுக்கீட்டைவிட முக்கியமான ஒன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்ய, அளவுக்கு மீறிய சுமை இல்லாத மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும். அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது சட்டம். எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஓர் இளைஞருக்குக் குடிமைப் பணித் தேர்வில் உதவி எழுத்தர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. ஆள் தன்னை மாற்றிக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்காமல், வேலை தரும் இடம் கொஞ்சம் மாற வேண்டும். உங்கள் கடைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

கடை வேலை என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதற்குள் இரண்டு வகை உண்டு. முன்பக்கம் நின்று, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாமான் கேட்பதைச் சமாளித்து, கடன் நோட்டில் எழுதி, சில்லறை கொடுத்து, பேரம் பேசுவது ஒரு வகை. ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு இது பெரிய சித்திரவதை. பின்பக்கம் சரக்கு பிரிப்பது, எடை போடுவது, பொட்டலம் கட்டுவது, எக்ஸ்பைரி தேதி பார்த்துப் பழைய சரக்கை முன்னால் நகர்த்துவது, சாக்கு மடித்து அடுக்குவது இன்னொரு வகை. அந்தத் தம்பிக்கு இதைக் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் முந்திரி உடைக்கும் இடங்களில் முழுப் பருப்பு, பாதி, குருணை என்று தரம் பிரிக்கிறார்களே, அதுவும் இப்படிப்பட்ட கண்ணுக்கு ஏற்ற வேலைதான்.

துவரம்பருப்பு பொட்டலம் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். காலிக் கவரைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூட்டையிலிருந்து அள்ள வேண்டும். 500 காட்டும் வரை போட வேண்டும். கூடினால் எடுக்க வேண்டும். வாயை மடித்து ஒட்டும் மெஷினில் அழுத்த வேண்டும். ட்ரேயில் அடுக்க வேண்டும். நமக்கு இது ஒரு வேலை. சொல்லிக் கொடுக்கும்போது ஆறு வேலை. ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, மேஜைக்கு மேலே வரிசையாக ஒட்டிவிடுங்கள். முதல் நாள் ஐந்து படியை நீங்கள் செய்து, ட்ரேயில் அடுக்குவதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்ததும் ஒட்டுவதையும் சேர்த்துக் கொடுங்கள். இப்படிக் கடைசியிலிருந்து முன்னால் வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த நிறைவு அவருக்குக் கிடைக்கும். சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் கையாளும் முறை இது.

ஒரு சிக்கல் வரலாம். தராசு 501 காட்டினால் அவர் விடமாட்டார். ஒவ்வொரு பருப்பாக எடுத்துக்கொண்டே இருப்பார். “போதும் விடு” என்று அதட்டினால் அவருக்குப் புரியாது. “500 முதல் 503 வரை சரி” என்று ஓர் அட்டையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த விதி கிடைத்துவிட்டால் அதை அவரைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்க ஆள் கிடைக்காது.

பேச்சிலும் இதே கவனம் வேண்டும். “பாத்துப் போடு”, “அந்தப் பக்கமா வை”, “கொஞ்ச நேரத்துல வா” என்று நாம் பேசிப் பழகியிருக்கிறோம். எதைப் பார்த்து, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்பது அவருக்குத் தெரியாது. “நாலு மணிக்கு வா”, “மேல் தட்டில் வை” என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; பார்க்காமல் இருக்கும்போதுதான் அவர்களில் பலருக்கு நாம் சொல்வது காதில் ஏறும்.

உங்கள் கடை கும்பகோணம் சாலையை ஒட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பேருந்து ஹாரனும், அரைகுறையாக எரியும் டியூப் லைட்டும் நமக்குப் பழகிவிட்டன. அவரை அவை அலைக்கழிக்கலாம். குடோன் பக்கம் மேஜை போடுங்கள், லைட்டை மாற்றுங்கள், காதை மூடும் ஹெட்போன் போட்டுக்கொள்ள விடுங்கள். கடைக்கு விடுமுறை என்றால் முந்தின நாள் இரவு சொல்லாமல், தினசரி காலண்டரில் ஒரு வாரம் முன்பே குறித்துக் காட்டுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு நாள் அவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், அது அடம் அல்ல. தாங்க முடியாமல் போனதன் அடையாளம். கூட்டத்தை விலக்கி, தொடாமல், பேசாமல், அமைதியான இடத்தில் உட்கார விடுங்கள். தணிந்த பிறகு அன்று என்ன மாறியிருந்தது என்று யோசித்தால் காரணம் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் யாராவது கேலி செய்தால் பொறுத்துப் போகாதீர்கள். மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று 2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவு சொல்கிறது.

கடையில் பொறுமையான ஓர் ஆளை அவருக்குப் பொறுப்பாக வையுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வேலையில் சேர்த்து, அந்த இடத்திலேயே துணை ஆளை வைத்துப் பழக்கும் முறை 1980-களில் அமெரிக்காவில் பரவியது. ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து, “இன்னும் தயாராகவில்லை” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த பழைய முறையைவிட அது நல்ல பலன் தந்தது. ஜாப் கோச் என்று பெரிய நிறுவனங்களில் சொல்லும் வேலையை உங்கள் கடையில் பத்து வருஷமாக இருக்கும் அக்கா ஒருவரே செய்துவிடலாம். அவருக்கும் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையில் விக்கிரவாண்டி தாண்டிப் போனால், திண்டிவனம் பக்கம் சிருஷ்டி கிராமம் இருக்கிறது. ஜி. கார்த்திகேயன் 2013-இல் தொடங்கிய சிருஷ்டி அறக்கட்டளை அதை உருவாக்கியது. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் அங்கே நிலத்திலும் தொழுவத்திலும் வேலை செய்து வாழ்கிறார்கள். 2017-இல் கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் அலீனா ஆலம் தொடங்கிய மிட்டி கஃபே, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் உணவகம்; அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் அதில் உண்டு. 2023 நவம்பரில் அதன் கிளை ஒன்று உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது. டென்மார்க்கில் தார்கில் சோன்னே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-இல் ஸ்பெஷலிஸ்டர்ன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மென்பொருள் சோதனைக்கு ஆட்டிசம் உள்ளவர்களை நியமித்தார். எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனமும் பெங்களூருவில் முயன்று பார்த்துவிட்டு, 2013-இல் உலக அளவில் அந்த வழிக்கு வந்தது.

இந்தக் கதைகளைப் படிக்கும் பெற்றோர் பலர், தங்கள் பிள்ளையிடமும் ஏதோ ஓர் அபூர்வத் திறமை ஒளிந்திருக்கும் என்று காத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களிடம் அப்படி எதுவும் இருப்பதில்லை. நம்மில் பெரும்பாலோரிடமும்தான் இல்லை. நாம் வேலைக்குப் போகவில்லையா? சாதாரண வேலையைச் சாதாரணமாகச் செய்து சம்பளம் வாங்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

சம்பளத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். “வேலை பழகுகிறான்” என்று டீக்காசு மட்டும் கொடுத்து மாதங்களை ஓட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சுரண்டல். இரண்டு மணி நேரம் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மற்ற ஆளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். அவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி அதில் போடுங்கள். அப்பாவின் கையிலோ மாமாவின் கையிலோ கொடுக்காதீர்கள். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 மணி நேர வேலை, முழுக் கூலி என்று தமிழ்நாடு அரசு 2012-இலேயே அரசாணை 52 போட்டது. வேலையின் அளவைக் குறைக்கலாம், கூலியின் மரியாதையைக் குறைக்கக் கூடாது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட பிறகு நாம் பின்வாங்க என்ன இருக்கிறது?

அந்தக் குடும்பத்தாரிடம் யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரியலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று இருந்தால்தான் ஒதுக்கீடு உள்ளிட்ட பல உரிமைகள் கிடைக்கும்.

நீங்கள் வணிகர், உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அதைக் கடைக்கு வெளியேயும் பயன்படுத்துங்கள். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு 2024 நவம்பர் 15 அன்று முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை என்று சமவாய்ப்புக் கொள்கையில் எழுதி வெளியிட வேண்டும் என்பது சட்டம். தனியாரின் ஆள்பலத்தில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசு ஊக்கம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 15,000-இல் 5 சதவீதம் 750 பேர். அதில் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு எத்தனை இடம் என்று ஆலையிடமும் ஆட்சியரிடமும் இப்போதே கேட்க வேண்டும். அளவு பார்த்து ஜோடி சேர்ப்பது, எண்ணி அடுக்குவது என்று காலணி ஆலையில் அவர்களுக்கு ஏற்ற வேலை நிறைய உண்டு. உங்கள் ஊர் வணிகர்கள் சேர்ந்து அந்தக் கேள்வியை மனுவாகக் கொடுக்கலாம். கடையில் ஒருவரை வைத்து நடத்திக் காட்டிய கடைக்காரர் கேட்டால், அதிகாரிகள் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

வருகிற திங்கட்கிழமையே தொடங்குங்கள். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் இரண்டு மணி நேரம் போதும். அதற்கு முன் அவரையும் அம்மாவையும் கடைக்கு அழைத்து, மேஜை எங்கே, கழிப்பறை எங்கே, யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டிவிடுங்கள். சம்பளம் இவ்வளவு, இந்தத் தேதியில் கிடைக்கும் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லாமல் அவரிடமே சொல்லுங்கள். வரச் சம்மதமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்