செங்கற் பெரும்பாலம்

செங்கல் சிறியது, ஒரு கையில் அடங்குவது. எனினும் கணக்கறிவும் கூட்டுழைப்பும் துணைநிற்குமாயின், அச்சிறு கல்லே பள்ளத்தாக்கைக் கடக்கும் பெரும்பாலமாக எழும். ஜெர்மனி நாட்டுச் சாக்சனி மாநிலத்தில், கெல்ச் என்னும் சிற்றாற்றின்மீது நிற்கும் இருப்புப்பாதைப் பாலம் இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

லைப்சிக் நகரிலிருந்து பவேரியா நோக்கி இருப்புப்பாதை அமைத்தபோது, ஆழ்ந்து அகன்ற இப்பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. பாலத்திற்கு ஏற்ற வடிவம் வேண்டி 1845ஆம் ஆண்டில் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. 81 வரைபடங்கள் வந்து குவிந்தன. ஆனால், ஓடும் வண்டியின் பாரத்தைப் பாலம் தாங்கும் என்று கணக்கினால் மெய்ப்பித்த வரைபடம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. காகிதத்தில் அழகாக நிற்பது வேறு. காற்றிலும் பாரத்திலும் நிலைத்து நிற்பது வேறு அன்றோ? ஆதலின், ஆய்வுக் குழுவின் தலைவராகிய பேராசிரியர் யோகான் ஆண்ட்ரியாஸ் சூபர்ட், தாமே வளைவுகளின் வலிமையைக் கணக்கிட்டுப் புதிய வடிவம் ஒன்றை வகுத்தார்.

அண்மையில் களிமண் மிகுதியாகக் கிடைத்தமையின், செங்கல்லே முதன்மைப் பொருளாயிற்று. பாரம் மிகும் இடங்களில் கருங்கல்லும் வைக்கப்பட்டது. செங்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. வளைவோ மேலிருந்து வரும் பாரத்தை அழுத்தமாகவே மாற்றித் தூண்களுக்குச் செலுத்தும். ஆதலின் செங்கல்லுக்கு வளைவே தக்க வடிவமாகும். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குகளில் அமைந்த வளைவுகள், உயர்ந்த தூண்களை இடையிடையே பிணைத்து அசையாவண்ணம் காக்கின்றன.

1846ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. ஆற்றையொட்டிய நிலம் எதிர்பார்த்த உறுதியுடையதாக இல்லை. தலைமைப் பொறியாளர் இராபர்ட் வில்க்கே, நடுவே தூண்களை நிறுத்துவதை விடுத்து, ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள பெருவளைவை அமைத்தார். இன்று காண்போர் வியக்கும் அழகு, அன்று நேர்ந்த இடரைக் கடக்கக் கண்ட வழியேயாம்.

1851ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 574 மீட்டர். உயரம் 78 மீட்டர். செங்கற்கள் 2 கோடியே 60 இலட்சத்திற்கு மேற்பட்டன. செங்கற் பாலங்களுள் உலகிற் பெரியது இதுவே.

மாணவர்களே! கணக்கிட்ட பேராசிரியரையும் பொறியாளரையும் வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகின்றது. ஆயின், இப்பணியில் 31 தொழிலாளர் உயிர் நீத்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்தம் கைகள் அடுக்கிய செங்கற்களின்மீதுதான் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.