கரண்ட் அடுப்பு வாங்கும் முன்: லைனும் எர்த்தும்

இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசவும்.

சென்ற மாதம் ஒரத்தநாடு பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் கரண்ட் அடுப்புக்குக் கேட்டார்கள். சிலிண்டர் விலையும் ஈர விறகுப் புகையும் நமக்குத் தெரியாததா? ஆசை நியாயமானதுதான். ஏற்கெனவே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருந்த ஒரு அக்கா வீட்டுக்கும் போனோம். ஃபேன் மாட்டுகிற சின்ன ப்ளக்கில் ஒரு அடாப்டரைச் செருகி, அதில் அடுப்பை மாட்டியிருந்தார். ப்ளக் பழுப்பேறி ஒரு ஓரம் உருகிக் கிடந்தது. "ஒரு வாடை வரும்ங்க, பால்தான் அடிப்பிடிக்குதுன்னு நினைச்சேன்" என்றார்.

ஏன் உருகியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அடுப்பின் அடியில் 2000 வாட் என்று எழுதியிருந்தால், 2000-ஐ 230-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 9 ஆம்பியர் வரும். சின்ன ப்ளக் தாங்குவது 6 ஆம்பியர்; பழைய வீடுகளில் 5தான். ஒரு மூட்டை தூக்குகிற ஆள் தலையில் இரண்டு மூட்டையை ஏற்றிய கதை. ஆகவே அடுப்புக்கு 16 ஆம்பியர் பெரிய ப்ளக்தான் வேண்டும். ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதாது, சுவருக்குள் போகிற ஒயரும் தடிமனாக இருக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயரை மெயின் போர்டிலிருந்து அடுப்புக்கென்று தனி லைனாக இழுக்கச் சொல்லுங்கள்.

2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. நம் வீடுகளில் சாமான் கூடியது, ஒயரிங் பழசாகவே இருந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, கரண்ட் வந்தால் போதும் என்று கிடைத்த ஒயரை முறுக்கி ஒட்டிய வீடுகளும் உண்டு. அந்த ஒட்டு இன்னும் அப்படியே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி எர்த். நாங்கள் போகிற வீடுகளில் அதிகம் இல்லாதது இதுதான். மூணு பின் ப்ளக்கில் தடித்து நீண்டிருப்பது எர்த் பின். சாமானுக்குள் ஒயர் உரசி உடம்பில் கரண்ட் பாய்ந்தால், பச்சை ஒயர் வழியாக அது மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் நம் உடம்பு வழியாக இறங்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சமைப்பது யார்? நாம்தான். மிக்ஸியைத் தொட்டால் "சுள்"ளென்று லேசாக அடிக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அது சிரிக்கிற விஷயமே இல்லை.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்தக் கம்பிக்குப் பயப்படுகிறோம். அடுக்களையில் இருக்கிற 230 வோல்ட்டும் ஆளைக் கொல்லும்.

எர்த் குழியில் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். நம் களிமண் கோடையில் வெடித்துக் காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சிலர் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் குழாயில் கட்டி என்ன பயன்? நியூட்ரலோடு சேர்த்து முறுக்குவது அதைவிட ஆபத்து. வேலை முடிந்ததும், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை எரியவைத்துக் காட்டும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். நாமாகச் செய்து பார்க்கக் கூடாது. பல்பு மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. "அதெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துப்பார்" என்று உள்ளே போய்விடாதீர்கள்.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. போட்டுக்கொள்வது நல்லது. கரண்ட் கசிந்தால் நொடியில் விழுந்துவிடும். அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஃபீஸ் கட்டையில் நாலைந்து இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும் இதே தப்புதான்.

குடிசை மின் இணைப்பு விளக்குக்காகத் தந்தது. அதில் அடுப்பு வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மீட்டர் இணைப்பாக மாற்றிய பிறகு வாங்கலாம். சுருள் கம்பி வெளியே தெரிகிற ஹீட்டர் அடுப்பை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். இரும்புக் கரண்டி கம்பியில் பட்டால் போதும். அதுதான் வீட்டில் இருக்கிறது என்றால், ஸ்விட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிய பிறகே கிளறுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் கையால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால், வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

குழுக்களுக்கு ஒரு யோசனை. அடுப்புக்கு உள்கடன் கேட்டால், தனி லைன், பெரிய ப்ளக், எர்த் செலவையும் சேர்த்தே தீர்மான நோட்டில் எழுதுங்கள். தொகை போதாவிட்டால் இந்த மாதம் ஒயரிங், அடுத்த தவணையில் அடுப்பு. ஒரத்தநாட்டு அக்கா அப்படித்தான் செய்திருக்கிறார். அடுப்பு இப்போது பரண் மேல் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் அடுக்களை ப்ளக்கில் எத்தனை ஓட்டை, எத்தனை ஆம்பியர், பச்சை ஒயர் எங்கே போகிறது என்று பார்த்து எழுதி வாருங்கள். ப்ளக்கைக் கழற்ற வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தால் போதும்.