வீட்டிற்குள் திரும்பி வரும் கழிவுநீர்: காரணங்களும் பாதுகாப்பான துப்புரவும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் வரும் முறையீடுகளில் ஒன்று, கழிப்பறையில் ஊற்றிய நீர் உள்ளே செல்லாமல் திரும்பி வருகிறது என்பதாகும். சில வீடுகளில் குளியலறைத் துவாரத்தின் வழியே கறுத்த நீர் பொங்கித் தாழ்வாரம் வரை பரவுவதும் உண்டு. தேநீர்க் கடையிலோ கல்யாண மண்டபத்திலோ இவ்வாறு நேர்ந்தால் அன்றைய தொழிலே நின்றுவிடுகிறது. இந்த அவசரத்தில் எவரேனும் ஒருவரை அழைத்துத் தொட்டிக்குள் இறங்கச் சொல்வது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் பல உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. ஆகவே கழிவுநீர் ஏன் திரும்புகிறது, உயிருக்கு ஊறின்றி அதனை எவ்வாறு அகற்றுவது என்பதை நாம் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

2014 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் பயனாகக் கிராமங்களில் ஏராளமான கழிப்பறைகள் எழுந்தன. 2019 ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம், ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயிலேயே வழங்குவதை இலக்காகக் கொண்டது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இது 275 லிட்டராகிறது. குடத்தில் நீர் சுமந்த காலத்தில் தோண்டிய குழி இவ்வளவு நீரையும் ஏற்க முடியாமல் திணறுவதில் வியப்பில்லை. வீட்டிற்கு நீர் வரும் வழியைப் பற்றி எண்ணிய அளவு, அது வெளியேறும் வழியைப் பற்றியும் நாம் எண்ணவேண்டும்.

செப்டிக் டாங்கு வேலை செய்யும் விதம்

செப்டிக் டாங்கிற்குள் வரும் மலமும் நீரும் மூன்று அடுக்குகளாகப் பிரிகின்றன. கனமான கசடு அடியில் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. கசட்டின் ஒரு பகுதியைக் கிருமிகள் மட்கச் செய்கின்றன; எஞ்சியது ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. எனவே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கசட்டை வெளியேற்றவேண்டும். "கட்டி இருபது ஆண்டுகளாயின, ஒரு நாளும் நிறையவில்லை" என்று பெருமை கொள்வது தவறு. அத்தகைய தொட்டிக்கு அடித்தளமே இல்லாதிருக்கலாம். அதன் கழிவு நிலத்தடி நீரில் கலந்து கொண்டிருக்கலாம்.

திரும்பி வருவதற்கான காரணங்கள்

1. தொட்டி நிறைதல். கசடு மிகுந்தால் நீர் தங்க இடமில்லாமல் போகிறது. கசடு உறிஞ்சு குழிக்கும் சென்று மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுகிறது.

2. குழாய் அடைப்பு. துணி, நாப்கின், பிளாஸ்டிக் உறை, தலைமுடி ஆகியவை முதன்மையான காரணங்கள். உணவு விடுதிகளில் வடைச் சட்டியின் எண்ணெயையும் குழம்பின் கொழுப்பையும் துவாரத்தில் ஊற்றுகின்றனர். சூடாக இருக்கும்போது இளகியிருக்கும் இக்கொழுப்பு, குழாயில் ஆறியதும் மெழுகுபோல் படிகிறது. தேயிலைச் சக்கையும் சோற்றுப் பருக்கையும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

3. சரிவுக் குறைவு. 4 அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 60 அடி நீளத்திற்கு 1 அடி வீதம் சரிவு வேண்டும். சமமாகவோ எதிர்ச்சரிவாகவோ பதித்த குழாயில் மலம் தங்கிவிடும்.

4. மழைநீரும் நிலத்தடி நீரும். கூரை நீரையும் முற்றத்து நீரையும் செப்டிக் டாங்கில் விடுவது பெருந்தவறு. மேலும், மழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து உறிஞ்சு குழி நிறைந்துவிட்டால், தொட்டி நீர் செல்ல வழியின்றித் திரும்புகிறது. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், களிமண் பூமி ஆகிய இடங்களில் இது மிகுதி.

5. அளவுக்கு மீறிய பயன். கல்யாண மண்டபத்திற்கு ஒரு நாளில் 500 பேர் வந்து, ஆளுக்கு 15 லிட்டர் நீர் செலவிடுவதாகக் கொண்டால், 7,500 லிட்டர் கழிவு சேரும். ஒரு வீட்டிற்குரிய தொட்டி இதனைத் தாங்காது.

காரணத்தைக் கண்டறிதல்

ஒரு துவாரம் மட்டும் அடைத்து, மற்றவை சரியாக ஓடினால், குற்றம் அந்தக் குழாயிலேதான். எல்லாத் துவாரங்களும் ஒருங்கே திணறித் தாழ்வான துவாரத்தில் முதலில் நீர் பொங்கினால், தடை வீட்டிற்கு வெளியே இருக்கிறது. அப்போது வீட்டிற்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள 'சேம்பர்' எனும் சிறு சோதனைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கலாம். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கத்தில். நிரம்பியிருந்தால் தொட்டிப் பக்கத்தில். மழையின்போது வந்து, மழை விட்டதும் மறையும் தொல்லைக்கு உறிஞ்சு குழியே பெரும்பாலும் காரணம். குழாய் அடைப்பை மூங்கில் பிளாச்சு அல்லது கம்பிச் சுருள் கொண்டு வெளியிலிருந்தே நீக்கலாம். செப்டிக் டாங்கின் மூடியை மட்டும் நாமே திறத்தல் கூடாது.

தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது

மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை தேங்கியிருக்கின்றன. பிராண வாயு குறைந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ, மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆகவே, "நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று எண்ணும் வேளையே மிகக் கொடிய வேளையாக இருக்கலாம். கிணற்றில் இறக்கிப் பார்ப்பதுபோல் விளக்கை இறக்கிச் சோதிப்பதும் ஆகாது. மீத்தேன் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. தொட்டியருகே பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைக் காக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுகின்றனர். அண்ணனைக் காக்கத் தம்பியும், தந்தையைக் காக்க மகனும் இறங்குவது இயல்பே. ஆயினும் அந்த அன்பே அவர்களையும் மாய்த்துவிடுகிறது. அத்தருணத்தில் இறங்காமல், தீயணைப்புப் படையை 101 அல்லது 112 எண்ணிலும், ஆம்புலன்ஸை 108 எண்ணிலும் உடனே அழைக்கவேண்டும்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைக் கொண்டு செப்டிக் டாங்கைத் துப்புரவு செய்விப்பதைத் தடை செய்கிறது. இத்தடை தனி மனிதருக்கும் பஞ்சாயத்துக்கும் பொருந்தும். முதற் குற்றத்திற்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இப்பணியில் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆயினும் எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. தலைமுறை தலைமுறையாகச் சில சமூகத்தார் மீதே இவ்வேலையைச் சுமத்தி வந்தது நம் சமுதாயத்தின் பெரும் பிழை. கழிவுநீர் உறிஞ்சும் லாரி கிடைக்கும் இக்காலத்தில் அதனைத் தொடர்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

வீட்டிற்குள் வந்த கழிவைத் துப்புரவு செய்தல்

முதலாவதாக, வீட்டில் நீர் புழங்குவதை நிறுத்தவேண்டும். ஊற்றும் ஒவ்வொரு வாளியும் மீண்டும் உள்ளேதான் வரும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோரை அப்பாற்படுத்துக. உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். சுவிட்சு நனைந்திருந்தால் தொடாமல் மின்வாரிய ஊழியரை அழைக்கவேண்டும்.

பின்னர் ரப்பர் கையுறை, முழங்கால் வரையுள்ள பூட்ஸ், முகக்கவசம் ஆகியவற்றை அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து, கழிவை மண்வெட்டியால் வாரி அகற்றுக. அதனைத் தெருச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ தள்ளலாகாது. கிணற்றுக்குத் தொலைவில் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். தரையையும் சுவரையும் முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவவேண்டும். அழுக்கு இருக்கும்போது தெளிக்கும் மருந்து, அழுக்கோடு சேர்ந்து தன் வலிமையை இழந்துவிடும். கழுவிய பிறகு, 10 லிட்டர் நீருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 160 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவலாம். பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை ஆசிடை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

நனைந்த பஞ்சு மெத்தை, பாய், அரிசி, காய்கறி ஆகியவற்றை இழப்பாகவே கருதி அகற்றிவிடுக. பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் இடுக. கடைக்காரர்கள் இவையனைத்தும் முடியும் வரை அடுப்பு மூட்டலாகாது. கிணற்றுப் பக்கம் கழிவு பரவியிருந்தால் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவித்து, அவர் சோதித்துக் கூறும் வரை வேறிடத்து நீரைக் காய்ச்சிப் பருகுவதே நலம். துப்புரவு செய்தவர் சோப்பிட்டுக் குளிக்கவேண்டும். பிறகு காய்ச்சல், பேதி, மஞ்சட்காமாலை காணின் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும். எலிக்காய்ச்சலும் இவ்வழியே பரவக்கூடும்.

பஞ்சாயத்தின் கடமை

கசடு அகற்ற ஏற்ற காலம் கோடையே. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கையில் தொட்டியை முற்றும் காலி செய்தால், நீரின் அழுத்தத்தால் தொட்டி மேலெழும்பவோ வெடிப்புறவோ கூடும். ஆகையால் மே 1-ஆம் நாள் கிராம சபையிலேயே எந்தெந்த வீடுகளில் மூன்றாண்டுகள் ஆயின என்ற பட்டியலைத் தயாரித்தல் நன்று. பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் லாரியை வரவழைத்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். லாரி அக்கழிவை ஏரியிலோ வயலிலோ கொட்டாமல், சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டு செல்கிறதா என்பதையும் பஞ்சாயத்து கண்காணிக்கவேண்டும். பச்சைக் கசட்டில் குடற்புழு முட்டைகள் உயிரோடிருக்கும், அது எருவாகாது.

புதிதாகக் கட்டுவோர், நிலம் இடங்கொடுத்தால் இரட்டைக் குழிக் கழிப்பறையை நாடலாம். ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றி, நிறைந்ததை இரண்டாண்டுகள் மூடி வைத்தால், கழிவு மண்போல் மட்கி எருவாகிறது. செப்டிக் டாங்கின் உறிஞ்சு குழியோ குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். உணவு விடுதிகள் சமையலறைக் குழாயில் கொழுப்புத் தடுப்புத் தொட்டி அமைத்து, வாரந்தோறும் அதனைச் சுத்தம் செய்யவேண்டும்.

கழிப்பறை கட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உரிய காலத்தில் கசட்டை அகற்றுவோம். குழாயில் குப்பை போடாதிருப்போம். எத்தகைய அவசரத்திலும் எந்த மனிதரையும் தொட்டிக்குள் இறக்குவதில்லை என்று ஒவ்வொரு கிராம சபையும் தீர்மானம் நிறைவேற்றட்டும்.